புத்தகம் எழுதியவரிடம் மேடையில் என்ன கேட்பது?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் எங்கள் வாசகர் வட்டத்துக்கு, கீழ்பவானி வாய்க்காலின் வரலாற்றைப் புதிதாக எழுதியிருக்கும் ஒருவர் வருகிறார். அவரோடு மேடையில் முக்கால் மணி நேரம் உரையாடும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் பள்ளி ஆசிரியை. பாசனமும் தெரியாது, பேட்டி எடுத்த பழக்கமும் இல்லை. கூட்டத்தில் விவசாயிகள் நிறையப் பேர் இருப்பார்கள். எப்படித் தயாராவது?

பதில்: பாசனம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். வாய்க்காலைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் எப்படியும் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் புத்தகம் எப்படி உருவானது என்பது மட்டும் அவர்களுக்கும் தெரியாது. எந்த ஆவணத்தை எங்கே பார்த்தார், யார் யாரிடம் பேசினார், இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னபோது யாரை நம்பினார், ஏன் நம்பினார்? புத்தகத்தில் இருப்பதை வாங்கிப் படித்துக்கொள்ளலாம். ‘இது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுங்க?’ என்பதற்கான பதில் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே கொடுங்கள்.

புத்தகத்தை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை சும்மா படியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு, பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நன்றியுரை, அடிக்குறிப்புகள், நூற்பட்டியல் மூன்றையும் முதலில் பாருங்கள். நன்றியுரையில் பொறியாளர்கள் பெயர் வரிசையாக இருந்து, கடைமடை (வாய்க்காலின் கடைசிப் பகுதி) விவசாயி ஒருவர் பெயர்கூட இல்லையென்றால் அங்கேயே ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. தமிழில் வரும் பல நூல்களில் சொல்லடைவு இருப்பதில்லை. கடைசி வெற்றுத் தாளில் நீங்களே பக்க எண்ணோடு ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். மேடையில் ‘எங்கேயோ சொல்லியிருந்தீங்களே’ என்று இழுப்பதற்கும் ‘83-ஆம் பக்கத்தில்’ என்று தொடங்குவதற்கும் நிறைய வித்தியாசம். பக்கத்தைச் சொன்னால் எழுதியவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆதாரங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். கொங்குப் பகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1887-இல் தொகுத்த கோயமுத்தூர் மாவட்ட மேனுவலைத் தொடாமல் போவது அரிது. அதை அவர் நேரடியாகப் படித்தாரா, வேறொரு நூலில் வந்த மேற்கோளை எடுத்தாண்டாரா என்று அடிக்குறிப்பைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருந்தால், எதைத் தேடிப் போனார், தேடாமலே கையில் என்ன கிடைத்தது என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருந்தால், எதைக் கொடுக்க மறுத்தார்கள் என்று கேளுங்கள். கிடைக்காமல் போனதைப் பற்றிக் கேட்டால்தான் எழுதுகிறவர்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள்.

சரி, வாய்க்கால் விஷயத்துக்கு வருவோம். அடிப்படை மட்டும் தெரிந்திருந்தால் போதும். பவானிசாகர் அணை வேலை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. அங்கிருந்து பிரியும் பிரதான வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. எல்லா நிலத்துக்கும் ஒரே போகத்தில் தண்ணீர் கிடையாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, 1,03,500 ஏக்கர் வீதம் முறை வைத்து விடுகிறார்கள். கோபிப் பக்கம் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இதைவிடப் பல தலைமுறை பழையவை. பழைய ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்), புதிய ஆயக்கட்டு என்ற பேச்சு உங்கள் கூட்டத்திலும் இருக்கும். மேடையில் உட்காரும் முன் இதை மனதில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விடச் சூடான விஷயம், வாய்க்காலில் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்பது. கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும். வாய்க்காலை ஒட்டிக் கீழே இருப்பவர்களின் கிணறுகளுக்கு, மண் கரையில் கசியும் நீர்தான் ஊற்று. இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு. ‘கான்கிரீட் பற்றி உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்டால், அவர் பத்து நிமிடம் பேசுவார், பாதிக் கூட்டம் கை தட்டும், பாதிக் கூட்டம் எழுந்து நிற்கும். யாரும் புதிதாக எதையும் தெரிந்துகொள்ள மாட்டார்கள். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘கசிவுநீர்க் கிணறுகளைப் பற்றி எழுதியிருக்கீங்க. எந்தெந்த ஊர்க் கிணறுகளைப் பார்த்தீங்க?’ அவர் சொல்லி முடித்த பிறகு அடுத்தது: ‘நீங்கள் போனபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததா, அடைத்துவிட்டிருந்தார்களா?’ அந்த இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் ஓடும் மாதத்தில் பார்த்த கிணறும் அடைத்த பிறகு பார்த்த கிணறும் ஒன்றல்ல என்று கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். இரண்டு சமயத்திலும் போய்ப் பார்த்தவராக இருந்தால், அவர் உழைப்பு அங்கேயே வெளிச்சத்துக்கு வரும். ஒரு சமயம் மட்டும் பார்த்தவர் என்றால் அதுவும் தெரிந்துவிடும். எப்படியானாலும் நீங்கள் யார் பக்கமும் சாயவில்லை.

கவனித்தீர்களா, அந்தக் கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கச் சொன்னேன். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், எளிதானதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

செவிவழிக் கதைகளையும் இப்படியே கேட்கலாம். காலிங்கராயன் வாய்க்கால் வளைந்து வளைந்து போவதற்குப் பாம்பு வழிகாட்டியது என்ற கதை நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அது போன்ற ஒன்று புத்தகத்தில் வந்தால், உண்மையா பொய்யா என்று மடக்க வேண்டாம். யார் சொல்லிக் கேட்டார், கல்வெட்டுக்கும் கதைக்கும் நடுவே எந்த இடத்தில் அதை வைக்கிறார் என்று கேளுங்கள்.

ஒரு வாரம் முன்பு எழுத்தாளருக்கு போன் செய்யுங்கள். நேரம், ஊர் வந்து சேர்வது, அவர் எந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிறார் என்பது வரைக்கும் பேசினால் போதும். கேள்விகளைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மேடையில் ‘அன்னிக்கு போன்ல சொன்ன மாதிரி’ என்று பதில் சுருங்கிவிடும். ஆண்டு, ஊர்ப்பெயர் போன்ற சின்னப் பிழை கண்ணில் பட்டிருந்தால் மட்டும் அப்போதே சொல்லிவிடுங்கள், அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வார். வாதத்தில் ஓட்டை இருந்தால் அது மேடைக்கு உரியது. பெரியவராக இருக்கிறாரே, எப்படிக் கேட்பது என்று கூச்சம் வரும். ‘ஐயா’ என்று அழைத்து, ‘ங்க’ சேர்த்து, பக்கத்தைக் காட்டிக் கேட்டால் எந்தக் கடினமான கேள்வியும் மரியாதைக் குறைவாகாது. மழுப்பினால் இன்னொரு முறை கேளுங்கள். அப்புறமும் மழுப்பினால் விட்டுவிடுங்கள், கூட்டம் புரிந்துகொள்ளும்.

ஈரோடு புத்தகத் திருவிழாவின் மாலைச் சொற்பொழிவுகளுக்குப் பழகிய கூட்டம் நம்முடையது. ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்பது நமக்கு இயல்பு. அதனால் உரையாடலுக்கு என்று அழைத்துவிட்டு, அறிமுகமே கால் மணி நேரம், பொன்னாடை கால் மணி நேரம் என்று ஓட்டிவிடுகிறோம். எனக்கு இது பெரிய வருத்தம். உங்கள் அறிமுகம் இரண்டு நிமிடத்தில் முடியட்டும். பொன்னாடையைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லி அமைப்பாளரிடம் முன்கூட்டியே பிடிவாதமாகப் பேசிவிடுங்கள். இருவருக்கும் தனித்தனி மைக் வேண்டும். எட்டுக் கேள்விகள் எழுதிக்கொண்டு, எது போனாலும் விடக்கூடாத மூன்றை அடிக்கோடிடுங்கள். அவர் பதிலில் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று வந்தால், தாளை மடித்து வைத்துவிட்டு அதன் பின்னாலேயே போங்கள்.

பார்வையாளர் கேள்விக்குத் தனியாக இருபது நிமிடம் ஒதுக்குங்கள். எழுந்து நின்று கேள்வியே கேட்காமல் பேசுகிறவர் ஒருவராவது இருப்பார். அவர் வயலில் ஐம்பது வருடம் மடை திருப்பியவராகவும் இருக்கலாம், வெட்டிவிடாதீர்கள். அவர் மூச்சு விடும் இடத்தில், ‘ஐயா சொல்ற இந்த விஷயம் உங்கள் புத்தகத்தில் வருதுங்களா?’ என்று எழுத்தாளர் பக்கம் திருப்பிவிடுங்கள். பேச்சு கேள்வியாகிவிடும்.

உரையாடலைப் பதிவு செய்ய இரண்டு போன்கள் வையுங்கள். எழுத்தில் வெளியிடுவதாக இருந்தால் எழுத்தாளருக்கு அனுப்பி, எண்களையும் பெயர்களையும் மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள். மேடையில் சொன்ன பதிலை வீட்டுக்குப் போய் மாற்றி எழுதித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூடுதலாகச் சொல்ல விரும்புவதைத் தனிக் குறிப்பாக, கீழே, அவர் பெயரிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.