மனோவசியத்தை, அதாவது ஹிப்னாட்டிசத்தைக் கொண்டு சிகிச்சை செய்த மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் யார்? அவர் முறை நம்பத்தக்கதா?

மயிலாடுதுறை அருகே ஒரு கிராமத்தில், இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் வலுவிழந்து வளர்ந்தவன் நான். எரிக்சன் மீது எனக்குள்ள ஈடுபாட்டுக்கு அதுவே காரணம்.

1901-இல் அமெரிக்காவின் நெவாடாவில் பிறந்து, விஸ்கான்சினில் ஒரு பண்ணையில் வளர்ந்த அவரை 17 வயதில் அந்நோய் தாக்கியது. அசையமுடியாமல் கிடந்தபோது, வீட்டாரின் குரலையும் முகத்தையும், நடைபழகும் குட்டித் தங்கையின் ஒவ்வோர் அடியையும் கூர்ந்து கவனித்தார். தம் தசைகள் முன்பு இயங்கிய விதத்தை நினைவிலிருந்து மீட்டு மீட்டு, மெல்ல எழுந்து நடந்தார். பிற்காலத்தில் அவர் செய்த மருத்துவம் முழுவதும் இந்தக் கவனிப்பிலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கிளார்க் ஹல்லிடம் ஹிப்னாட்டிசம் பயின்று, 1928-இல் மருத்துவரானார். மனநல மருத்துவமனைகளில் பணியாற்றியபின் 1948-இல் ஃபீனிக்ஸ் நகரில் குடியேறினார். 1957-இல் அமெரிக்க மருத்துவ ஹிப்னாட்டிசச் சங்கத்தைத் தோற்றுவித்து, அதன் முதல் தலைவரானார்.

கோயில் திருவிழா மேடையில் ஆளை மயக்கி ஆட்டுவிப்பதைப் பார்த்தவர்களுக்கு அவர் முறை வியப்பளிக்கும். அவர் 1966-இல் வெளியிட்ட கட்டுரையில், புற்றுநோய் வலியால் துடித்த ஒரு பூ வியாபாரி வருகிறார்; ஹிப்னாட்டிசம் என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது. எரிக்சன் தக்காளிச் செடியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்: விதை மண்ணுக்குள் போவது, மழை நீரை உறிஞ்சுவது, வேர்விட்டு வளர்வது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே, நிம்மதி, சுகம், அமைதி என்ற சொற்களை இடையிடையே ஊன்றிச் சென்றார். வலியின் பிடி தளர்ந்தது. நம் ஊர் விவசாயி எதிரில் அமர்ந்திருந்தால், குறுவைக்கு விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டுவதைப் பற்றி அவர் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். நோயாளிக்குப் பழகிய உலகத்துக்குள்ளிருந்து பேசுவதுதான் அவருடைய முறை.

1953-க்குப் பின் அவர் தசைகள் மீண்டும் நலிந்தன. ஓயாத வலியைச் சுயஹிப்னாட்டிசத்தால் தாங்கிக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மாணவர்களுக்குக் கற்பித்து, 1980-இல் மறைந்தார்.

அவர் விவரித்த நோயாளர் வரலாறுகள் பலவற்றுக்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு சான்றில்லை என்ற விமர்சனம் நியாயமானதே. எனினும் வலிக்கும் பதற்றத்துக்கும் துணைச் சிகிச்சையாக ஹிப்னாட்டிசம் உதவும்; அமெரிக்க மருத்துவச் சங்கமும் 1958-இலேயே அதற்கு மருத்துவத்தில் இடமுண்டு என்று ஏற்றது. மனச்சிதைவு போன்ற நோய்க்கு மருந்து கட்டாயம் வேண்டும். ஆகவே, மனநோய் தீர குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கி வேண்டிக்கொள்ளும் குடும்பமானாலும், மனோவசிய விளம்பரம் பார்த்துக் கிளம்பும் குடும்பமானாலும், முதலில் தகுதிபெற்ற மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.