தோட்டத்து வீட்டில் மின்சாரக் கார் சார்ஜ் போட முடியுமா? ஊட்டி போய்வர முடியுமா?

கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீடு என்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 2 முதல் 3 யூனிட் ஏறும். 30 யூனிட் பேட்டரி காலியாக இருந்தால் ராத்திரி மாட்டிக் காலையில் எடுக்க வேண்டியதுதான். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 6, 7 கிலோமீட்டர் ஓடும்.

முதலில் எர்த்தைப் பாருங்கள். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்துவிடும். எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். குழியில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்புறமும் நின்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். பிளக்குக்கு மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுப்பது நல்லது. கிணற்று மோட்டாரின் இலவச இணைப்பில் மட்டும் மாட்டவே கூடாதுங்க, அது விவசாயத்துக்கு மட்டும் தந்தது.

ஊட்டிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஏற்றம். சார்ஜ் மளமளவென்று இறங்கும், பயப்படாதீர்கள். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியையும் பிடிக்கும், பேட்டரியிலும் கொஞ்சம் ஏற்றும். அதனால் ஊட்டியில் 100 சதவீதம் நிரப்பாதீர்கள். நிறைந்த பேட்டரி அந்த மின்சாரத்தை வாங்காது. முழுப் பாரமும் பிரேக்குக்குப் போய்விடும். 80 போதும்.