கிராம ரோந்துக்கு போலீஸைப் பழக்குவது: கேட்டார்கள், சொன்னேன்

ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர் நான். கடலூர் மாவட்டத்தில் புதுப் பையன்களை ராத்திரி ரவுண்ட்ஸுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியவன்.

கேள்வி (பண்ருட்டி): ஐயா, டிரெய்னிங்கில் கற்றது கிராமத்துக்குப் போதுமா?

பரேடு, சட்டம், துப்பாக்கி எல்லாம் அங்கேயே வந்துவிடும் தம்பி, முந்திரித் தோப்புக்குள் வழி தெரிவது மட்டும் வராது. முதல் வாரம் பைக்கே தர மாட்டேன். பகலில் நடந்து போய், எந்த மண்பாதை கெடிலத்தில் இறங்குகிறது, எந்த மோட்டார் கொட்டகையில் ஆள் படுக்கிறார் என்று பார்த்து வரணும். அப்புறம் ராத்திரி ஆற்றோரம் இன்ஜினை அணைத்துவிட்டு பத்து நிமிஷம் சும்மா நிற்கச் சொல்வேன். மணல் திருட வருகிறவர்கள் மாட்டின் கழுத்து மணியைக் கழற்றிவிடுவார்கள், ஆனால் பாரத்தோடு கரையேறும் வண்டியின் அச்சு முனகுவதை யாராலும் அடக்க முடியாது. அந்தச் சத்தம் காதில் ஏறும்வரை எத்தனை கிலோமீட்டர் சுற்றினாலும் பெட்ரோல்தான் செலவு.

கேள்வி (பாகூர்): இங்கே ஒரு வயல் புதுச்சேரி, அடுத்தது தமிழ்நாடு. திருடன் வரப்பைத் தாண்டிவிட்டால்?

துரத்தலாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய ஆள் என்றால் இந்தியாவில் எங்கும் பின்தொடரலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 45-வது பிரிவு. புகாரும் அப்படித்தான், குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் அதே சட்டத்தின் 173-வது பிரிவுபடி வாங்கணும். "அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்று சொல்லும் பையனிடம்தான் நான் அதிகம் கத்தியிருக்கிறேன்.

கேள்வி (திட்டக்குடி): சாட்சி சொல்ல என் அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள், போகணுமா?

வேண்டாம்மா. சாட்சி பெண் என்றாலோ 60 வயது தாண்டியவர் என்றாலோ வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும், 179-வது பிரிவு. அவராக விரும்பினால் போகலாம்.

கேள்வி (புவனகிரி): பாம்புக்கு என்ன செய்வீர்கள்?

நல்ல ஷூ, டார்ச். லத்தியால் அடிக்கப் போகாதே.

கேள்வி (விருத்தாசலம்): கோயில் வாசலில் நோட்டில் கையெழுத்து போட்டுவிட்டுப் போய்விடுகிறார்களே, அதற்குப் பெயர் ரோந்தா?

நியாயமான கோபம். ஒரு பையன் நாலு ஊர் நோட்டிலும் மணி 11, 12, 1, 2 என்று போட்டிருந்தான். அன்றைக்குக் கொட்டு மழை, நாலிலும் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. சாயங்காலமே எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டான். திட்டவில்லை. மறுநாள் ராத்திரி அதே நாலு ஊருக்கும் என் பின்னாலேயே சைக்கிளில் வரவைத்தேன்.