லேப்டாப்பிலிருந்தே டிவியை இயக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் கூகுள் டிவி உள்ள 43 அங்குல டிவி இருக்கிறது. ரிமோட்டில் எழுத்து எழுத்தாகத் தட்டிப் படம் தேடுவது பெரும்பாடாக இருக்கிறது. லேப்டாப்பிலிருந்து இயக்க ஏதாவது கருவி வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். டிவியும் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். கூகுள் இலவசமாகத் தரும் ‘பிளாட்ஃபார்ம் டூல்ஸ்’ தொகுப்பை இறக்கி, ஒரு ஃபோல்டரில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஏடிபி (adb) என்ற நிரல்தான் நமக்கு வேண்டியது; லேப்டாப்பிலிருந்து ஆண்ட்ராய்டு கருவிக்குக் கட்டளை அனுப்புவது அதுதான்.

டிவியில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போய், கீழே இருக்கும் ‘ஆண்ட்ராய்டு டிவி ஓஎஸ் பில்ட்’ வரியில் ஓகே பட்டனை 7 முறை அழுத்துங்கள். பிறகு சிஸ்டம் மெனுவில் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ புதிதாக முளைத்திருக்கும். அதற்குள் ‘யுஎஸ்பி டீபக்கிங்’கை (கணினி டிவிக்குக் கட்டளையிட விடும் அனுமதி) ஆன் செய்யுங்கள். நெட்வொர்க் பக்கத்தில் டிவியின் ஐபி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் அந்த ஃபோல்டரிலிருந்து கமாண்ட் விண்டோவைத் திறந்து, ஆங்கிலச் சின்ன எழுத்தில் ‘ஏடிபி கனெக்ட்’ (adb connect) என்று அடித்து, இடைவெளி விட்டு ஐபி எண், முக்காற்புள்ளி, 5555 (இதுதான் போர்ட் எண், இணைப்புக்கான வாசல்) என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். டிவி திரையில் அனுமதி கேட்கும். ‘எப்போதும் அனுமதி’ என்பதை டிக் செய்து ஓகே கொடுங்கள்.

சிக்கல் வரும் இடமும் இதுதான். இணைப்பை டிவி உடனே மறுத்துவிட்டால், டீபக்கிங் ஆன் ஆகவில்லை, அல்லது உங்கள் டிவி புதிய வகை. புதியவற்றில் ‘வயர்லெஸ் டீபக்கிங்’ என்று தனியாக இருக்கும். அதில் 5555 எடுபடாது. டிவி காட்டும் 6 இலக்கக் குறியீட்டையும் போர்ட் எண்ணையும் வைத்து முதலில் ‘ஏடிபி பேர்’ (adb pair) செய்ய வேண்டும். இந்தப் போர்ட் எண் அவ்வப்போது மாறும். மறுக்காமல் வெகுநேரம் காத்திருந்து தோற்றால், பெரும்பாலும் டிவி, லேப்டாப் இரண்டில் ஒன்று ரவுட்டரின் ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கும். கெஸ்ட் வைஃபை கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாது. ஐபி எண் அடிக்கடி மாறினால் ரவுட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ போட்டு நிலைப்படுத்துங்கள்.

இணைந்த பிறகு ஸ்கிரீன்காப்பி (scrcpy) என்ற இலவச நிரலைத் திறந்தால் டிவி திரை லேப்டாப்பில் ஒரு ஜன்னலாக வரும். அம்புக்குறி விசைகள் நகர்த்தும், மவுஸின் வலது கிளிக் ‘பேக்’. நெட்ஃபிளிக்ஸ், பிரைமில் படம் ஓடும்போது லேப்டாப் ஜன்னல் மட்டும் கறுப்பாகிவிடும். அது பழுது அல்ல, நகல் தடுப்பு. டிவியில் படம் ஓடும், விசைகளும் வேலை செய்யும்.

திரையே தேவையில்லை, பட்டன்கள் போதும் என்றால் ‘ஏடிபி ஷெல் இன்புட் கீஇவென்ட்’ (adb shell input keyevent) என்ற கட்டளையோடு ஒரு எண் சேர்த்தால் போதும்: மேலே 19, கீழே 20, இடம் 21, வலம் 22, ஓகே 23, ஹோம் 3, பேக் 4, ஒலி கூட்ட 24, குறைக்க 25, பிளே/பாஸ் 85. ஒவ்வொன்றையும் ஒரு பேட்ச் ஃபைலாக (கட்டளை எழுதிய, .bat என்று முடியும் ஃபைல்) சேமித்து டெஸ்க்டாப்பில் வைத்தால் இரட்டை கிளிக்கில் நடக்கும். எழுத்து அனுப்பும் ‘இன்புட் டெக்ஸ்ட்’ கட்டளைக்குத் தமிழ் எழுத்து ஏறாது. படப் பெயரை ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

ஆனால் தட்டச்சு மட்டுமே உங்கள் பிரச்சினை, வீட்டுப் பெரியவர்களும் பயன்படுத்த வேண்டும் என்றால், இந்த வேலை எல்லாம் அதிகம். டச்பேட் உள்ள சிறிய வயர்லெஸ் கீபோர்டு வாங்கி அதன் ரிசீவரை டிவியின் யுஎஸ்பியில் செருகுங்கள். அடுத்த நொடியே வேலை செய்யும்.

கேள்வி: ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட் தொலைந்துவிட்டது. வைஃபை இணைப்பும் மாறிவிட்டது. லேப்டாப்பால் மீட்க முடியுமா?

பதில்: நேரடியாக முடியாது. ஏடிபியைத் திறக்க டிவி திரையில் ஓகே அழுத்தியாக வேண்டும், அதற்கு ரிமோட் வேண்டும். வேறு வழி இருக்கிறது. ஒரு செல்போனில் ஹாட்ஸ்பாட் ஆன் செய்து, பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் அப்படியே கொடுங்கள். பேண்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். ஸ்டிக் அதைப் பழைய ரவுட்டர் என்று நினைத்து இணைந்துகொள்ளும். இன்னொரு போனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து அமேசானின் ஃபயர் டிவி ஆப்பைத் திறந்தால் அதுவே ரிமோட். அதை வைத்துப் புதிய வைஃபைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், டிவியின் சொந்த ரிமோட்டை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டிவியில் எச்டிஎம்ஐ சிஇசி (எச்டிஎம்ஐ வழியே ஒரு ரிமோட்டால் இன்னொரு கருவியையும் இயக்கும் வசதி) ஆன் ஆகியிருந்தால் அம்புக்குறியும் ஓகேயும் ஸ்டிக்கை இயக்கும்.

புது ரிமோட் வாங்குவதானால் புளூடூத் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டிக்கில் இன்ஃப்ராரெட் ரிசீவரே கிடையாது. கடையில் கிடைக்கும் சாதாரண யுனிவர்சல் ரிமோட் அதை அசைக்காது.

கேள்வி: டீபக்கிங்கை ஆன் செய்தபடியே விட்டால் ஆபத்தா?

பதில்: வீட்டு ரவுட்டருக்குள், அனுமதித்த கணினி மட்டும் இணையும்வரை பெரிய பயமில்லை. ரவுட்டரில் 5555-ஐ வெளியுலகுக்கு ஒருபோதும் திறந்துவிடாதீர்கள். 2018-இல் ஏடிபி.மைனர் என்ற தீநிரல் இந்தப் போர்ட் திறந்து கிடந்த ஆண்ட்ராய்டு கருவிகளில் புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டியது. அவற்றில் டிவி பாக்ஸ்களும் இருந்தன. விடுதி, மேன்ஷன் வைஃபையில் இருந்தால் வேலை முடிந்ததும் ஆஃப் செய்யுங்கள். நீங்கள் தொடாத நேரத்தில் அனுமதி கேட்டுத் திரை வந்தால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் டிவியை இயக்க முடியுமா?

பதில்: படமும் ஒலியும் போகும், கட்டுப்பாடு போகாது. பெரும்பாலான லேப்டாப்களில் சிஇசி வசதி இல்லை. பல்ஸ்-எய்ட் நிறுவனம் யுஎஸ்பி சிஇசி அடாப்டர் விற்கிறது. ஆன், ஆஃப், இன்புட் மாற்றம் போன்றவற்றுக்குத்தான் அது. ஆப்புக்குள் தட்டச்சு செய்ய உதவாது.

கேள்வி: புதிதாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பெட்டியில் உள்ள ஓஎஸ் பெயரை. ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி, ஃபயர் ஓஎஸ் என்றால் மேலே சொன்ன ஏடிபி வழி நடக்கும் (மெனுப் பெயர்கள் சற்று மாறும்). 2025-இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் ஆண்ட்ராய்டு அல்ல, வேகா ஓஎஸ்ஸில் ஓடுவது. இதற்காகவே வாங்குவதானால் அது வேண்டாம். சாம்சங்கின் டைசனிலும் எல்ஜியின் வெப் ஓஎஸ்ஸிலும் ஏடிபி கிடையாது. டிவி வாங்கினால் பின்பக்கம் யுஎஸ்பி போர்ட் எத்தனை என்றும் எண்ணுங்கள். பென் டிரைவுக்கு ஒன்று, கீபோர்டு ரிசீவருக்கு ஒன்று என இரண்டு போர்ட்டாவது வேண்டும்.