2027 ஆகஸ்ட் 2 கிரகணம்: கெய்ரோவில் போட்ட ரூம் போதுமா?

முழு சூரிய கிரகணத்தைப் பார்க்கக் கெய்ரோவில் ரூம் போட்டிருப்பதாகவும், அது போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது. கெய்ரோவில் தெரியப்போவது பகுதி கிரகணம்தான். ரூமை எகிப்தின் தெற்கே உள்ள லக்சர் நகருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே 6 நிமிடத்துக்கும் மேல் முழு மறைவு.

"கெய்ரோவிலும் சூரியன் 90 சதவீதத்துக்கு மேல் மறைகிறதே" என்றும் கேட்டிருந்தீர்கள். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சூரியனில் 1% மிச்சமிருந்தாலே சில ஆயிரம் முழுநிலவு வெளிச்சம். சூரியனைச் சுற்றியுள்ள மங்கலான ஒளிவட்டமான கரோனா கண்ணில் படாது. நிலவின் கருநிழல் தரையில் சுமார் 250 கி.மீ. அகலப் பட்டையாகத்தான் ஓடும். கெய்ரோ அதற்கு வடக்கே தள்ளி நிற்கிறது.

இம்முறை இவ்வளவு நீளக் காரணம், நிலவு பூமிக்கு அருகில் வந்து பெரிதாகத் தெரிவது. ஜூலையில்தான் பூமி சூரியனிடமிருந்து அதிகத் தொலைவில் இருந்திருக்கும் என்பதால் சூரியனும் ஒரு சுற்று சின்னது. நல்ல பொருத்தம்!

பணம் கட்டும் முன் நாசாவின் கிரகணப் பாதை வரைபடத்தைப் பெரிதாக்கி, ஓட்டல் கருநிழல் பட்டையின் இரண்டு எல்லைக்கோடுகளுக்கும் நடுவில் விழுகிறதா பாருங்கள். கோட்டோரம் என்றால் சில நொடிகள்தான் கிடைக்கும்.

இன்னொன்று: கிரகணக் கண்ணாடியை முழு மறைவின்போது மட்டும்தான் கழற்றலாம். ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் எட்டிப் பார்த்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள். ஆகஸ்ட் மதிய வெயில் அங்கே 40 டிகிரியைத் தாண்டும், தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள்.