வாசகர் கேள்வி: கொட்டகையில் ஒரு டிரம், வீட்டில் நான்கு பேர்

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு வீட்டில் நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு இருக்கிறோம், எல்லோருக்கும் விசைப்படகில் வேலை. வாடகை ஒப்பந்தம் என் பெயரில். நான் கடலுக்குப் போயிருந்த ஒரு ராத்திரி மதுவிலக்கு போலீஸ் வந்து கொல்லைக் கொட்டகையில் நீல டிரம்மில் இருந்த சாராய ஊறல், அடுப்பு, மூடியில் குழாய் செருகிய பானை எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவன் "நாலு பேரும் சேர்ந்துதான் காய்ச்சினோம்" என்று சொல்லிவிட்டானாம். எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அன்றைக்குப் படகுக்கு வாங்கிய டோக்கன் இருக்கிறது, அது போதும்தானே ஐயா?
— பெயர் வேண்டாம்

பதில்: போதாது தம்பி. மீன்வளத் துறை தரும் டோக்கன் படகுக்குத்தான். அதில் நீங்களும் போனீர்கள் என்று ஓனரோ கூட வந்தவர்களோ சொல்ல வேண்டும், சொன்னாலும் அன்று ராத்திரி நீங்கள் அடுப்புப் பக்கம் இல்லை என்பது வரைக்கும்தான் அது போகும். காய்ச்சியதாக வழக்கு என்றால் உதவும், சரி. ஆனால் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் 4-வது பிரிவில் காய்ச்சுவதற்கான பாத்திரம், கருவி, மூலப்பொருளை வைத்திருப்பதே தனிக் குற்றம். வைத்திருப்பதற்கு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் கடலில் இருக்கும்போது உங்கள் பைக் கரையில் நிற்கிறது, சாவி உங்கள் இடுப்பில் இருக்கிறது, அதற்காக அது உங்கள் வண்டி இல்லை என்று ஆகிவிடுமா?

இதையே திருப்பிப் போட்டால் உங்களுக்குச் சாதகம். அதே வீட்டில் படுத்துத் தூங்கியதால் மட்டும் டிரம் உங்களுடையது ஆகிவிடாது. 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் (அது துப்பாக்கி வழக்கு, சாராயம் இல்லை) உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் வேண்டும் என்றது: பொருள் இருப்பது ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது அவர் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். தனி வீடென்றால் இரண்டையும் காட்டுவது போலீஸுக்குச் சுலபம். நான்கு பேர் புழங்கும் கொல்லையில் அப்படி இல்லை. அங்கேதான் சின்னச் சின்ன விஷயங்கள் பேசும். கொட்டகைக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம்? வெல்லமும் வேலம்பட்டையும் யார் வாங்கினது, கடை நோட்டில் யார் பெயரில் கடன் எழுதியிருக்கிறது, போனில் யார் பணம் அனுப்பினது? நீல டிரம் நம் கரையில் இல்லாத வீடு ஏது, ஐஸுக்கும் குடிதண்ணீருக்கும் கருவாட்டுக்கும் அதுதானே. ஆனால் குழாய் செருகிய பானைக்கு அந்த மாதிரி சாக்குச் சொல்ல முடியாது.

வாடையையும் மறந்துவிடாதீர்கள். ஊறல் நாள்கணக்கில் புளித்துத்தான் காய்ச்சும் பதத்துக்கு வரும், கருவாடு காயும் தெருவில்கூட அந்த நாற்றம் தனியாகத் தெரியும். கொட்டகையை ஒட்டித்தான் குளியலறை என்றால் "எனக்கு எதுவுமே தெரியாது" என்பது கோர்ட்டில் நிற்காது. தெரிந்திருந்தது என்றால் அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஏனென்றால் நான் கவலைப்படுவது உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான். வீட்டைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், இன்னொருவர் இந்தக் குற்றம் செய்யத் தெரிந்தே இடம் கொடுத்தால் அதற்கும் அந்தச் சட்டத்தில் தண்டனை உண்டு. டிரம் உங்களுடையது இல்லை என்று ஜெயித்தாலும் இந்தப் பக்கம் மாட்டலாம், மற்ற மூன்று பேருக்கும் இல்லாத சிக்கல் இது. "எடுத்துட்டுப் போடா" என்று எப்போதாவது அவனுக்கு வாட்ஸப்பில் சொல்லியிருந்தால் அந்தப் போனை அப்படியே பத்திரமாக வையுங்கள். சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது புதிதாக ஒன்றைத் தயார் செய்ய மட்டும் கிளம்பாதீர்கள், அது இன்னொரு வழக்கில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று, அந்தச் சட்டத்தில் ஒரு அனுமானமும் இருக்கிறது: இப்படிப்பட்ட கருவி ஒருவரிடம் இருந்து, அதற்கு அவர் திருப்தியான விளக்கம் தர முடியவில்லை என்றால், மாறாக அவர் காட்டும்வரை குற்றம் செய்தவர் என்றே எடுத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் பலர் பயந்துபோய் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். கருவி உங்கள் வசம் இருந்தது என்பதை முதலில் போலீஸ்தான் காட்ட வேண்டும், விளக்கம் கேட்கும் கட்டம் அதற்குப் பிறகுதான்.

பிடிபட்டவன் சொன்னதைக் கேட்டு நீங்கள் தூக்கம் கெட வேண்டாம். போலீஸாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் அவனுக்கு எதிராகவே சாட்சியமாகாது, பிறகு எப்படி உங்களை இழுக்கும்? விசாரணையைத் தொடங்க அது போதும், தண்டிக்கப் போதாது.

மகஜர் (எதை எங்கே கைப்பற்றினோம் என்று போலீஸ் எழுதி சாட்சிக் கையெழுத்து வாங்கும் காகிதம்) நகலை வக்கீல் மூலம் வாங்கிப் படியுங்கள். டிரம் எந்த இடத்தில் இருந்ததாக எழுதியிருக்கிறது, கொட்டகைக்குப் பூட்டு இருந்ததா, கையெழுத்துப் போட்ட சாட்சிகள் அந்தத் தெருக்காரர்களா, ஊறலைக் கீழே கொட்டி அழிக்கும் முன் மாதிரி எடுத்து சீல் வைத்தார்களா? 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டப்படி சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும், அதையும் கேளுங்கள். இதில் ஓட்டை இருந்தால் மட்டும் வழக்கு தானாக விழுந்துவிடாது, ஆனால் டிரம் பொது இடத்தில் இருந்தது என்பது அந்தக் காகிதத்திலேயே இருந்தால் உங்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

நோட்டீஸுக்குக் கட்டாயம் போங்கள், தலைமறைவாகப் போய்விடாதீர்கள். கைது பயம் இருந்தால் முன்ஜாமீனுக்கு ராமநாதபுரம் செஷன்ஸ் கோர்ட், அங்கே கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100-க்கு போன் செய்து சட்ட உதவி கேளுங்கள். சின்ன விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் காவு வாங்கியது. அந்த மாதமே சட்டசபையில் தண்டனைகளை ஏற்றி இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

கேள்வி: சாயல்குடி பக்கம் எங்கள் ஊர். அப்பா பதநீர் இறக்குகிறார், ஒரே வீட்டின் மறுபாதியில் சித்தப்பா குடும்பம். சித்தப்பா கள் இறக்குகிறார் என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். அப்பாவின் அரிவாளையும் கலயத்தையும் பார்த்து அவரையும் பிடிப்பார்களா?
— ஒரு வாசகி

பதில்: அந்த பயம் நியாயமானதுதான் அம்மா. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, கள் இறக்கும் கருவியை வைத்திருப்பதும் மேலே சொன்ன அதே 4-வது பிரிவில் வருகிறது. பதநீருக்கும் கள்ளுக்கும் அரிவாள் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான், வித்தியாசம் கலயத்தின் உள்ளே இருக்கிறது. சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள். பனைத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அப்பா கையிலேயே வைத்திருக்கட்டும், கருப்பட்டி வாங்கும் வியாபாரி தந்த சீட்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு வீட்டுச் சாமானையும் ஒரே திண்ணையில் கலந்து போடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். சித்தப்பாவின் கலயங்கள் அவர் பாதியிலேயே கிடக்கட்டும், கழுவித் தரச் சொல்லி உங்கள் அம்மாவிடம் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.