"மானிட்டர்ல துடிப்பு ஓடுதேம்மா"

கேள்வி: தனியார் மருத்துவமனை ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பைக் விபத்தில் வந்த ஒரு பையனுக்கு மூளைச்சாவு என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மானிட்டர்ல துடிப்பு ஓடுதேம்மா, எப்படிப் போயிட்டான்னு சொல்றீங்க?" என்று கேட்டார். பதில் வரவில்லை. உறுப்பு தானம் பற்றி நானே பேசலாமா?

பதில்: அந்த அம்மாவின் சந்தேகம் ஐசியுவில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்கும் உள்ளுக்குள் இருக்கிறது. அதனால்தான் "வென்டிலேட்டர்லதான் உயிர் ஓடிட்டிருக்கு" என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வாக்கியம் போதும், அதற்குப் பிறகு தானம் பற்றி யார் பேசினாலும், உயிரோடு இருக்கும் பிள்ளையை அறுக்கக் கேட்கிறார்கள் என்றுதான் அவர்களுக்குப் படும்.

இதயத்தைத் துடிக்க வைக்கும் முடிச்சு இதயத்துக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு மூளையின் கட்டளை வேண்டாம். மூச்சுக்குத்தான் மூளைத்தண்டு வேண்டும், அது நிரந்தரமாகச் செயலிழந்துவிடுவதுதான் மூளைச்சாவு. மெஷின் ஆக்ஸிஜனைத் தள்ளிக்கொண்டிருப்பதால் துடிப்பு சில மணி நேரமோ சில நாளோ ஓடும், அப்புறம் அதுவும் நிற்கும். கோமா வேறு, கோமாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் உண்டு, மூளைச்சாவிலிருந்து யாரும் திரும்புவதில்லை.

உங்களுக்கே உறுதி வர வேண்டுமென்றால், மூச்சு சோதனை நடக்கும்போது கட்டில் பக்கத்தில் நின்று பாருங்கள். வென்டிலேட்டரைப் பிரித்து, ஆக்ஸிஜனை மட்டும் விட்டு, ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடின் அழுத்தம் 60 mmHg-ஐத் தாண்டும்வரை எல்லாரும் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது எழாது. குறைந்தது 6 மணி நேரம் விட்டு எல்லாச் சோதனையும் மறுபடி நடக்கும். 4 மருத்துவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், உறுப்பு மாற்றுக் குழுவில் இருப்பவர் அதில் ஒருவராக இருக்கவே கூடாது. சில சமயம் விரல் அசையும், அபூர்வமாக இரண்டு கையும் நெஞ்சுக்கு மேலே எழும். முதல் தடவை பார்க்கிறவருக்குக் குலை நடுங்கிவிடும். அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். குடும்பத்தாருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, நீங்கள் பேசலாமா? தானப் பேச்சை நீங்கள் தொடங்க வேண்டாம். முதலில் டாக்டர் "இறந்துவிட்டார்" என்று தெளிவாகச் சொல்லட்டும், அவர்கள் அழட்டும், அதற்குப் பிறகுதான் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் கேட்க வேண்டும். கேட்டே ஆக வேண்டும் என்று 2011 சட்டத் திருத்தம் சொல்கிறது, ஆனால் சாவுச் செய்தியையும் தானப் பேச்சையும் ஒரே மூச்சில் சொன்னால் காரியம் கெட்டுவிடும். சக்‌ஷன் போட்டுச் சளியை உறிஞ்சும்போதும் இருமவில்லை, டார்ச் அடித்தும் கண்மணி சுருங்கவில்லை என்ற மூளைத்தண்டு செயலிழப்பின் அறிகுறிகளைப் பெரும்பாலும் முதலில் கவனிப்பது நீங்கள்தான், உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள்.

தானம் செய்தவருக்கு 2023 முதல் தமிழ்நாட்டில் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை உண்டு. நல்ல விஷயம்தான், ஆனால் அதைச் சொல்லிச் சம்மதம் வாங்காதீர்கள். உடம்பைச் சிதைத்துவிடுவார்களா என்று கேட்டால், தையல் போட்டு முறையாகத்தான் தருவார்கள், விபத்து கேஸ் என்பதால் போஸ்ட்மார்ட்டம் எப்படியும் உண்டு என்று மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், முகம் மாறக் கூடாது.

இப்போதைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவை உட்கார வையுங்கள், மகன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். துடிப்பைப் பற்றித் திரும்பக் கேட்டால், "அது மெஷின் தர்ற ஆக்ஸிஜன்ல ஓடுதும்மா, தம்பி போயிட்டான்" என்று சொல்லுங்கள்.